பழைய ஜாஸ் ஃப்யூஷன், புதிய ரீமாஸ்டர்: திருவையாற்றுக் கூடத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவையாற்றில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து இசை கேட்பது வழக்கம். மிருதங்கம் கற்கும் பையன்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பக்கத்துத் தெரு நாயனக்காரர் வீட்டுப் பிள்ளை, எப்போதாவது தஞ்சாவூரிலிருந்து வரும் நண்பர்கள். இரண்டு வருடமாக நாங்கள் அதிகம் கேட்பது 1969 முதல் 1977 வரை வந்த ஜாஸ் ஃப்யூஷன் ஆல்பங்களின் ரீமாஸ்டர் பதிப்புகளைத்தான். புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரியான சந்தேகங்கள் வருகின்றன. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளையும், நான் சொல்லி வரும் பதில்களையும் எழுதி வைக்கிறேன்.

ஜாஸ் ஃப்யூஷன்னா என்ன சார்? ரெண்டு மூணு ஊர்ப் பாட்டைக் கலந்து போடுறதா?

இப்போது நம் ஊரில் வயலினோடு டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்தால் ஃப்யூஷன் என்கிறோம். நான் சொல்வது வேறு. 1960-களின் கடைசியில் அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் எலக்ட்ரிக் கிட்டார், எலக்ட்ரிக் பியானோ, சிந்தசைசர் (மின்சாரத்திலேயே ஒலியை உருவாக்கும் கீபோர்டு) ஆகியவற்றைக் கையில் எடுத்தார்கள். ராக், ஃபங்க் இசையின் தாளக்கட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஜாஸின் உயிரை விடவில்லை. அந்த உயிர் என்ன என்று நமக்குச் சுலபமாகப் புரியும். மெட்டு ஒன்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு அவரவர் மனோதர்மப்படி விரித்துக்கொண்டே போவார்கள்.

இதற்கு ஒரு குரு பரம்பரையே உண்டு. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1969 பிப்ரவரி 18 அன்று, ஒரே நாளில், 'இன் எ சைலண்ட் வே' ஆல்பத்தைப் பதிவு செய்தார். அன்று அந்த அறையில் இருந்தவர்களைப் பாருங்கள். கிட்டார் வாசித்த ஜான் மெக்லாக்லின் பிறகு மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா, சக்தி என்ற இரண்டு குழுக்களைத் தொடங்கினார். ஜோ ஜாவினுலும் வேய்ன் ஷார்ட்டரும் வெதர் ரிப்போர்ட் குழுவைத் தொடங்கினார்கள். சிக் கொரியா ரிட்டர்ன் டு ஃபாரெவர் குழுவை அமைத்தார். ஹெர்பி ஹான்காக் 1973-இல் 'ஹெட் ஹண்டர்ஸ்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். ஒரே திண்ணையில் படித்தவர்கள் ஆளுக்கொரு பாணியைக் கிளப்பிக்கொண்டு போன கதை இது.

ரீமாஸ்டர்னு போட்டிருக்காங்களே, திரும்ப வாசிச்சுப் பதிவு பண்ணதா?

இல்லை. வாசிப்பு அதே வாசிப்புதான், ஒரு தட்டு கூட மாறாது. அந்தக் காலத்தில் பல தடங்களில் பதிவு செய்து, கடைசியில் இரண்டு தடங்களாகச் சேர்த்து ஒரு டேப்பில் வைப்பார்கள். அதுதான் மாஸ்டர் டேப். அதிலிருந்து எல்பி தட்டு வெட்ட ஒரு நகல், கேசட்டுக்கு ஒரு நகல், வெளிநாட்டுக்கு ஒரு நகல் என்று போகும். ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் ஏறும், மேல் ஒலிகள் மங்கும். நம் கைக்கு வந்த கேசட் பெரும்பாலும் நகலின் நகலின் நகல்.

ரீமாஸ்டர் செய்கிறவர் முதல் டேப்பைத் தேடிப் பிடித்து, நல்ல இயந்திரத்தில் ஓட்டி, கீழ் ஒலி மேல் ஒலிகளைச் சரிபார்த்து, இன்றைய வடிவத்துக்கு மாற்றுகிறார். கோபுரத்தில் அடுக்கடுக்காக ஏறிய சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்தால் அடியில் இருக்கும் சிற்பியின் உளி வேலை தெரிகிற மாதிரி. சுரண்டுகிறவர் கைக்குப் பக்குவம் இல்லையென்றால் மூக்கும் சேர்ந்து போய்விடும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

அப்போ ரீமிக்ஸும் ரீமாஸ்டரும் ஒண்ணுதானே?

வேறு வேறு. மேலே சொன்ன இரண்டு தட மாஸ்டர் டேப்பைத் தொடுவது ரீமாஸ்டர். அதற்கும் பின்னால் போய், ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக இருக்கும் பல தட டேப்பை எடுத்து, யார் முன்னால் யார் பின்னால் என்று மறுபடி அமைப்பது ரீமிக்ஸ். மைல்ஸ் டேவிஸின் 'பிட்ச்சஸ் ப்ரூ' 1970-இல் வெளிவந்தது. 1998-இல் அதன் முழுத் தொகுப்பைக் கொண்டுவந்தபோது எட்டுத் தட டேப்புகளிலிருந்து புதிதாக ரீமிக்ஸ் செய்தார்கள். அதனால் அந்த ஆல்பத்தில் இரண்டு ஒலி அமைப்புகள் புழங்குகின்றன. எனக்குப் பழைய அமைப்பின் மூட்டம்தான் பிடிக்கும். வாத்தியங்களைப் பிரித்துக் கேட்க வேண்டும் என்றால் 1998 அமைப்பு நல்லது.

பாடுறதே இல்லாம வெறும் வாத்தியம்னா தூக்கம் வருமேண்ணே. எதுல ஆரம்பிக்கலாம்?

ஹெர்பி ஹான்காக்கின் 'ஹெட் ஹண்டர்ஸ்' ஆல்பத்தில் முதல் உருப்படி 'கமீலியன்'. தொடக்கத்தில் வரும் கனத்த கீழ் ஒலியைப் பாஸ் கிட்டார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அது சிந்தசைசர், ஹான்காக்கே வாசித்தது. அந்த ஒரு அடி உடம்புக்குள் இறங்கிவிட்டால் 15 நிமிடம் போவதே தெரியாது. அதே ஆல்பத்தில் 'வாட்டர்மெலன் மேன்' என்ற உருப்படி பீர் பாட்டில் வாயில் ஊதி எழுப்பும் ஒலியோடு தொடங்கும். ரீமாஸ்டரில் ஊதுகிறவரின் மூச்சே கேட்கும். குழந்தைகள் இதை உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

கமகத்துக்குப் பழகிய காது என்றால் வெதர் ரிப்போர்ட்டின் 'ஹெவி வெதர்' (1977) கேளுங்கள். ஜாகோ பாஸ்டோரியஸ் வாசிப்பது, வீணையில் இருப்பது போன்ற மெட்டுகள் (ஃப்ரெட்) இல்லாத பாஸ் கிட்டார். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போவார். 'எ ரிமார்க் யு மேட்' உருப்படியில் அது வாய்ப்பாட்டு மாதிரியே இருக்கும். அது முடிந்ததும் எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் 'இன்னொரு தடவை போடுங்க' என்று மட்டும் சொன்னார்.

நம்ம ஆளுங்க வாசிச்ச சக்தி ஆல்பம் இருக்காமே? அதுல நம்ம சங்கீதம் எவ்வளவு இருக்கு?

நிறையவே இருக்கிறது. மெக்லாக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். வயலின் வித்வான் எல். சங்கருடன் அங்கேதான் பழக்கம். அவர்களோடு தபலாவுக்கு ஜாகிர் உசேன், கடத்துக்கு விக்கு விநாயக்ராம், மிருதங்கத்துக்கு ராம்நாட் ராகவன். 1975 ஜூலையில் நியூயார்க் பக்கம் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரிதான் முதல் ஆல்பமாக 1976-இல் வந்தது. டிரம் செட் இல்லை, பாஸ் கிட்டார் இல்லை. கீழ் ஒலிக்குக் கடத்தின் வயிறும் தபலாவின் டக்காவும்தான்.

மெக்லாக்லினின் கிட்டார் தனியாகச் செய்யச் சொன்னது. மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருப்பார்கள். குறுக்கே ஏழு அனுநாதத் தந்திகள் (மற்ற தந்திகள் ஒலிக்கும்போது தாமே சேர்ந்து அதிரும் தந்திகள்) ஓடும். தஞ்சாவூர் வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்பதால்தானே தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்க முடிகிறது? அதே வேலையைத்தான் அந்தப் பள்ளங்கள் செய்கின்றன. கேசட்டில் கேட்டபோது அந்த அனுநாதத் தந்திகளை நான் தம்புரா என்றே நினைத்திருந்தேன். சுத்தமான பதிப்பைக் கேட்ட அன்றுதான் அது அவர் கிட்டாருக்குள்ளிருந்தே வருகிறது என்று தெரிந்தது.

இன்னொரு விஷயம். அந்த எல்பியின் இரண்டாம் பக்கம் முழுவதும் கிட்டத்தட்ட 29 நிமிடம் ஓடும் ஒரே உருப்படி. எல்பியில் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்தைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலியையும் தணிக்க வேண்டும். அதனால் மெல்லிய இடங்களில் ஊசியின் இரைச்சல் முந்திக்கொள்ளும். டிஜிட்டலில் அந்தத் தொல்லை இல்லை. விக்கு விநாயக்ராம் கடத்தின் கழுத்தில் விரல் நுனியால் தட்டும் இடங்களை இப்போது ஒவ்வொன்றாக எண்ணலாம்.

மிருதங்கம் நாலு வருஷமா கத்துக்கறேன். ஆனா இந்த மகாவிஷ்ணுவுல தாளமே பிடிபட மாட்டேங்குதே?

தட்டாமல் கேட்டால் பிடிபடாது. 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' (1973) ஆல்பத்தின் முதல் உருப்படி 18 அட்சரச் சுற்று. ஒன்பது ஒன்பதாக, அதாவது இரண்டு சங்கீர்ணமாகத் தட்டிப் பாருங்கள். அப்புறம் மூன்று மூன்றாக ஆறு முறை தட்டிப் பாருங்கள். இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து சேரும். அதே ஆல்பத்தில் 19 கணக்கில் ஒன்றும் இருக்கிறது. அதற்கு அவசரப்பட வேண்டாம். டிரம்ஸ் வாசிக்கும் பில்லி காபம் இரண்டு கால்களுக்கும் தனித்தனிப் பெரிய டிரம் வைத்திருப்பார். மங்கலான நகலில் கால் டிரம்மும் பாஸ் கிட்டாரும் ஒன்றாகக் குழம்பிவிடுவதால்தான் பாதிப் பேருக்குத் தாளம் தப்புகிறது. நல்ல பதிப்பில் கேட்டால் இரண்டும் பிரிந்து நிற்கும்.

இன்னும் சுலபமான வழி, சக்தியின் இரண்டாம் ஆல்பம் 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'. முதல் உருப்படி கொன்னக்கோலோடுதான் தொடங்குகிறது. வாத்தியார் சொல்லிக் கொடுத்த அதே சொற்கட்டு வெளிநாட்டு இசைத்தட்டில் ஒலிப்பதைக் கேட்ட எங்கள் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

போன்ல கேட்டா இந்த வித்தியாசமெல்லாம் தெரியுமா? எவ்வளவு செலவாகும்?

போனின் சொந்த ஸ்பீக்கரில் தெரியாது. அவ்வளவு சிறிய ஸ்பீக்கரால் கீழ் ஒலியைத் தர முடியாது. மேலே சொன்ன 'கமீலியன்' அதில் வெறும் கிளிக் கிளிக் என்றுதான் கேட்கும். கம்பி வைத்த சுமாரான இயர்போன் ஒன்று போதும், அதிலேயே முக்கால்வாசி வித்தியாசம் தெரிந்துவிடும். புளூடூத் என்றால் ஒலியை இன்னொரு முறை சுருக்கி அனுப்பும். கேட்க முடியாது என்றில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும்போது மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்றெல்லாம் எண்ணைப் பார்த்துக் கூடுதல் பணம் கட்ட வேண்டாம். சிடி தரம் என்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அதுவே சுமார் 22,000 ஹெர்ட்ஸ் வரை தரும். மனிதக் காதுக்கு எல்லையே 20,000-தான், வயது ஏற ஏற அதுவும் குறையும். எந்த டேப்பிலிருந்து எடுத்தார்கள், யார் எப்படிச் செய்தார்கள் என்பதுதான் முக்கியம்.

முற்றம் வைத்த பழைய வீடுகளில் ஸ்பீக்கர் வைத்தால் எதிரொலி அதிகம். நாங்கள் சுவரோரம் இரண்டு ஜமக்காளம் தொங்கவிட்ட பிறகுதான் கூடத்தில் வாத்தியங்கள் தெளிந்தன. வேறு எந்தச் சாமானும் அவ்வளவு பலன் தரவில்லை.

ஒரே ஆல்பத்துக்கு அஞ்சு பதிப்பு இருக்கு. புதுசுதானே நல்லது?

அப்படி நினைத்துத்தான் நானும் ஏமாந்தேன். 1990-களின் நடுவிலிருந்து பத்துப் பதினைந்து வருடம், எல்லா ஒலியையும் முடிந்த அளவு உயர்த்தி வைக்கும் வழக்கம் உலகம் முழுவதும் பரவியிருந்தது. மெல்லிய ஒலியைத் தூக்கி, பெரிய ஒலியை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். கல்யாண மண்டபத்தில் மைக்செட்காரர் எல்லா மைக்கையும் ஏற்றி வைத்துவிட்டால் தனி ஆவர்த்தனம் எப்படி இருக்கும்? குறைப்புக்கு வரும்போது ஒலி தணிந்து, மோராவில் எழுந்து, கோர்வையில் கொட்ட வேண்டும். அந்த ஏற்ற இறக்கம் போனால் கணக்கு மட்டும்தான் மிஞ்சும். அப்படிச் செய்த ரீமாஸ்டரில் காபத்தின் டிரம்ஸ் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல ஆகிவிடுகிறது.

சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். இரண்டு பதிப்பையும் அடுத்தடுத்து போடுங்கள். சத்தமாக இருப்பதுதான் காதுக்கு முதலில் நல்லதாகத் தோன்றும். அதனால் சத்தமான பதிப்பின் வால்யூமைக் குறைத்து, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகு கேளுங்கள். இப்போது எதில் டிரம்ஸ் அடி 'டப்' என்று எழுந்து அடங்குகிறது? அதை வைத்துக்கொள்ளுங்கள். 1980-களில் வந்த சாதாரண சிடி ஜெயித்த சந்தர்ப்பமும் உண்டு.

எங்க மாமா, எல்பிக்கு இணையா எதுவுமே கிடையாதுங்கறாரே?

மாமா பொய் சொல்லவில்லை. நல்ல தட்டு, நல்ல ஊசி, முந்தைய பதிலில் சொன்ன மாதிரி அமுக்காத வெட்டு என்றால் எல்பி மிக அழகாக இருக்கும். ஆனால் சக்தி ஆல்பத்தைப் பற்றிச் சொன்ன பக்க நீளப் பிரச்சினை எல்லா நீண்ட தட்டுகளுக்கும் உண்டு. தட்டின் உள்வட்டத்துக்குப் போகப் போக மேல் ஒலி கரகரக்கும். நம் ஊர் ஐப்பசி அடைமழையில் பூஞ்சை வேறு. மாமா வீட்டுத் தட்டை மாமா வீட்டிலேயே போய்க் கேளுங்கள், அவருக்கும் சந்தோஷம். புதிதாக வாங்க அவசியம் இல்லை.

என் மெஷின்ல ஒரு சுருதி, புதுப் பதிப்புல ஒரு சுருதி. எது சரி?

நல்ல காது இருந்தால்தான் இந்தக் கேள்வியே வரும். டேப் ஓடும் வேகம் மாறினால் சுருதி மாறும், காலப்பிரமாணமும் சேர்ந்து மாறும். இதில் பெயர்பெற்ற உதாரணம் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959). ஃப்யூஷனுக்கு முந்தைய ஆல்பம், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது. முதல் நாள் பதிவில் ஒரு டேப் இயந்திரம் மெதுவாக ஓடியிருக்கிறது. சரியான வேகத்தில் திரும்ப ஓட்டியபோது முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் சுருதி ஏறிக் கேட்டன. சரியான வேகத்தில் ஓடிய இன்னொரு இயந்திரத்தின் டேப்பை எடுத்து 1990-களில்தான் திருத்தினார்கள். முப்பது வருடத்துக்கு மேல் உலகம் முழுவதும் ஜாஸ் மாணவர்கள் ஏறிய சுருதிக்கு வாத்தியத்தைச் சேர்த்து வாசித்துப் பழகினார்கள்.

எனக்கும் இது நடந்தது. கல்லூரி நாளில் தஞ்சாவூரில் ஒரு கேசட் கடையில் 90 நிமிடக் கேசட்டில் சக்தியைப் பதிந்து வாங்கினேன். கடை இயந்திரத்தில் வேகம் தப்பு. அரைக் கட்டை ஏறிய சுருதியிலேயே பத்து வருடம் கேட்டு மனதில் பதிந்துவிட்டது. சரியான பதிப்பு கைக்கு வந்தபோது எல்லாம் தூங்கி வழிவதுபோல் இருந்தது. இரண்டு வாரம் பொறுமையாகக் கேட்டேன். அந்தப் பழைய அவசரம் போய், சங்கர் ஸ்வரங்களில் நிற்கும் நிதானம் தெரிய ஆரம்பித்தது.

டேப்பை வெட்டி ஒட்டித்தான் மைல்ஸ் ஆல்பம் செஞ்சாங்களாமே? அது ஏமாத்து வேலை இல்லையா?

ஆராதனைக்கு வந்திருந்த ஒரு பாடகர் கேட்டது இது. வெட்டி ஒட்டியது உண்மை. தயாரிப்பாளர் டியோ மாசெரோ பிளேடால் டேப்பை வெட்டி, ஒட்டி, 'இன் எ சைலண்ட் வே' ஆல்பத்தை அமைத்தார். இரண்டு பக்கங்களிலும் தொடக்கப் பகுதியே முடிவில் மறுபடி வருகிறது. திரும்ப வாசித்ததல்ல, அதே டேப்பின் நகல்.

ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். மைல்ஸின் சம்மதத்தோடு, சுற்றி வந்து பல்லவியில் நிற்கிற மாதிரி ஒரு வடிவம் கொடுத்திருக்கிறார். ஆனால் பாடகரின் வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது. மேடையில் ஒருவர் ஆலாபனை செய்யும்போது அடுத்த நொடி என்ன என்று அவருக்கே தெரியாது. அந்த நிச்சயமின்மை ஒட்டு வேலையில் கொஞ்சம் போய்விடுகிறது. வெட்டாத வடிவங்கள் 2001-இல் வந்த முழுத் தொகுப்பில் இருக்கின்றன. இரண்டையும் கேட்டு நீங்களே முடிவு செய்யலாம்.

ரீமாஸ்டரில் ஒட்டு வாய் சில இடங்களில் முன்பைவிட நன்றாகத் தெரிகிறது. அதை மழுப்பாமல் விட்டிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் பக்கத்தில் டிரம்ஸ் வாசிக்கும் டோனி வில்லியம்ஸ் ஹை-ஹாட்டை (டிரம் செட்டில் இருக்கும் ஜோடித் தட்டு) விடாமல் தட்டிக்கொண்டே இருப்பார். என் கேசட்டில் அது மணல் கொட்டும் சத்தமாக இருந்தது. இப்போது ஒவ்வொரு தட்டும் ஜால்ரா போல் தனித்துக் கேட்கிறது.

வெள்ளைக்காரங்க யாராவது நம்ம நாயனத்தைத் தொட்டிருக்காங்களா?

நாயனக்காரர் வீட்டுப் பிள்ளையின் கேள்வி. தொட்டிருக்கிறார்கள். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ நாதஸ்வரம் கற்று, 1970-களின் சில பதிவுகளில் வாசித்தும் இருக்கிறார். நம் சீவாளியில் ஊதி ஜாஸ் வாசிக்கும்போது அது திருவாவடுதுறைப் பாணி ஆகாது, ஆகவும் வேண்டாம். 1983-இல் கர்நாடகா தாளவாத்தியக் கல்லூரிக் குழுவோடு அவர் செய்த 'ஜோதி' ஆல்பத்தில் ஆர். ஏ. ராமமணி பாடியிருக்கிறார். அதில் மரியானோ கையில் சாக்ஸபோனும் புல்லாங்குழலும்தான். நம் இசைக்கு அவர் எவ்வளவு அடங்கிக் காது கொடுக்கிறார் என்பது அதில் தெரியும்.

எங்க தாத்தா நாயனம் வாசிச்ச கேசட் பத்துப் பன்னெண்டு கிடக்கு. அதையும் இப்படி ரீமாஸ்டர் பண்ணலாமா?

அதே பிள்ளையின் அடுத்த கேள்வி. பண்ணலாம், சீக்கிரம் பண்ண வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் எத்தனை வீடுகளில் இப்படிப்பட்ட கேசட்டுகள் நனைந்து போயிருக்கும் என்று நினைத்தாலே மனசு கஷ்டப்படுகிறது.

நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள். பூஞ்சை, இயந்திரத்தில் நாடாவைப் படிக்கும் தலைக்குப் போய், அடுத்த கேசட்டையும் கெடுக்கும். வெயிலில் காய வைக்காமல் நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். பெரிய ஸ்பூல் டேப்புகளில் சில வகை, ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். ஸ்டுடியோக்களில் சுமார் 50 டிகிரியில் பல மணி நேரம் சூடேற்றி, பிறகு ஒரு முறை ஓட்டிப் பதிவார்கள். அதை வீட்டு அடுப்பில் முயல வேண்டாம்.

ஓடும் நிலையில் இருக்கும் கேசட்டை முதலில் எந்தத் திருத்தமும் இல்லாமல், 24 பிட்டில், முழுதாகக் கணினியில் ஏற்றுங்கள். பிளேயரின் தலையை ஒட்டி ஒரு சின்ன திருகு இருக்கும். பாட்டு ஓடும்போதே அதை மிக மெல்லத் திருப்பி, ஜால்ரா ஒலி எங்கே தெளிவாக இருக்கிறதோ அங்கே நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். கணினியில் ஏற்றிய கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, இரைச்சல் நீக்கும் மென்பொருளை அந்த நகலில் மட்டும் பயன்படுத்துங்கள், அதுவும் கொஞ்சமாக. அதிகமானால் தவிலின் தொப்பிக்கும் வலந்தலைக்கும் உள்ள வித்தியாசமே அழிந்துவிடும். கேசட் அட்டையில் எழுதியிருக்கும் ஊர், தேதி, யார் தவில் என்பதையும் போட்டோ எடுத்துக் கோப்போடு சேர்த்து வையுங்கள். தாத்தா எந்தக் கட்டையில் வாசிப்பார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், வேகத்தைச் சரிசெய்ய அது ஒன்றுதான் ஆதாரம். வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் கேசட்டை எடுத்துக்கொண்டு வா தம்பி, பிளேயரைத் துடைத்து வைக்கிறேன்.